லேபிளில் இருந்தது, நான்தான் படிக்கவில்லை

திருப்பூரில் பவர் டேபிள் போட்டு (அதாவது கரண்டில் ஓடும் தையல் மெஷின்களைப் போட்டு) கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்து ஜாப் ஒர்க் செய்கிறவர்களும், போடலாமா என்று யோசிக்கிறவர்களும், முக்கியமாக என்னைப் போல டெய்லராக இருந்து முதலாளி ஆனவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அமெரிக்கா போட்ட வரியால் 2025 மே மாதத்திலிருந்து டிசம்பர் வரை எனக்கு நடந்தது இது. ஏப்ரலிலேயே யாராவது என்னை உட்கார வைத்துப் பத்து நிமிடம் பேசியிருந்தால் போன பணத்தில் பாதியாவது மிஞ்சியிருக்கும். அந்தப் பத்து நிமிடப் பேச்சு என்று இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நான் 2006-ல் கல்யாணமாகி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தேன். பத்து வருடத்துக்கு மேல் ஓவர்லாக் (துணி ஓரத்தைச் சேர்த்துத் தைக்கிற மெஷின்) ஓட்டினேன். 2017-ல் நாலு பழைய மெஷின் வாங்கி, இங்கே 15 வேலம்பாளையம் என்கிற பகுதியில் ஒரு ஷீட் கொட்டகையை வாடகைக்குப் பிடித்துத் தைக்க ஆரம்பித்தேன். கொரோனாவில் நின்றோம், 2022-ல் நூல் விலை ஏறியபோது தள்ளாடினோம், எப்படியோ எழுந்துவிட்டோம். 2025 தொடக்கத்தில் எட்டு மெஷின் இருந்தது. வீட்டுக்காரர் நிட்டிங் கம்பெனியில் நைட் ஷிப்ட். டேபிள் கணக்கெல்லாம் என் பொறுப்பு, அவருக்கு அதில் ஒன்றும் தெரியாது. எங்களுக்கு வேலை கொடுத்தது ஒரே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. கட்டிங் பீஸ் பண்டல் பண்டலாக வரும், டீ-ஷர்ட் தைத்துக் கொடுப்போம், பீசுக்கு 14 ரூபாய். ஒரு சனிக்கிழமை பில் போட்டால் அடுத்த சனிக்கிழமை பணம். எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட இந்தச் சட்டை எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை. எங்கே போனால் எனக்கென்ன, தையல் பிரியாமல் இருந்தால் சரி என்ற நினைப்புதான்.

ஏப்ரல் 2-ஆம் தேதி டிரம்ப் ஏறக்குறைய எல்லா நாட்டுக்கும் வரி போட்டதை டிவியில் பார்த்தேன். இந்தியாவுக்கு 26 சதவீதம் என்றார்கள். ஒரு வாரத்தில் 90 நாள் நிறுத்தி வைக்கிறோம் என்று அவர்களே சொன்னார்கள். சரி, பிரச்சினை முடிந்தது என்று விட்டுவிட்டேன். அப்புறம் மே மாதம் வந்தது பாருங்கள், அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததே இல்லை. வாரத்துக்கு 5,500 பீஸ் தைத்துக்கொண்டிருந்த இடத்தில், “எவ்வளவு முடியுமோ தைங்கக்கா, நைட்டும் ஓட்டுங்க” என்றார் கம்பெனி மேனேஜர். சின்ன யானையில் (குட்டி லோடு வண்டி) ஒரு நாளைக்கு இரண்டு தடவை லோடு வந்தது. கொட்டகையில் நடக்க வழியில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் காலம் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஜூனில் ஆறு புது மெஷின் எடுத்தேன், ஓவர்லாக் மூன்று, மடிப்புத் தைக்கிற பேட்லாக் இரண்டு, சிங்கர் ஒன்று. மொத்தம் 4,20,000 ரூபாய். கையிலிருந்து 60,000 கட்டி, மிச்சம் 3,60,000-க்கு ஒரு பைனான்ஸ் கம்பெனியில் 36 மாதத் தவணை, மாதம் 13,400. மேனேஜரே, “போடுங்கக்கா, வேலைக்கு நான் கேரண்டி” என்றார். வாயால் சொன்னதுதான். அவரைத் திட்டவும் மனசு வரவில்லை, அவருக்கும் அதற்கு மேல் தெரிந்திருக்காது.

அந்தக் கூட்டத்துக்குக் காரணம் என்ன என்று பின்னால்தான் புரிந்தது. வரி வருவதற்குள் சரக்கை உள்ளே கொண்டுபோய்விட வேண்டும் என்று அமெரிக்கக் கடைக்காரர்கள் எல்லா ஆர்டரையும் முன்னுக்கு இழுத்தார்கள். ஜூலை 9 வரை இருந்த கெடுவை ஆகஸ்ட் 1 வரை நீட்டியதும் இன்னும் வேகம். நாங்கள் ராத்திரி ராத்திரியாகத் தைத்தது ஆகஸ்டுக்கும் செப்டம்பருக்கும் உரிய வேலையை. ஐப்பசி மழையெல்லாம் ஆடியிலேயே கொட்டித் தீர்ந்த மாதிரி. அதை நம்பி நான் கூடுதலாக நாற்று விட்டேன். அதனால் முதல் விஷயம் இது: உங்கள் ரேட் அப்படியே இருக்க, வேலை மட்டும் திடீரென்று இரண்டு மடங்கானால் சந்தோஷப்படும் முன்பு “ஏன்” என்று கேளுங்கள். மேனேஜரிடம் மட்டும் கேட்டால் போதாது. கம்பெனியில் ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசர் பையன்கள் யாராவது தெரிந்தால் கேளுங்கள், பக்கத்து டேபிளில் கேளுங்கள். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் வேலை கூடினால் அதற்கு வெளியில் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. அந்த நேரத்தில் மெஷின் வாங்காமல் வாடகைக்கு எடுங்கள். மாத வாடகைக்கு மெஷின் தருகிற கடைகள் இங்கே இருக்கின்றன. எனக்கு அது தெரியும். ஆனாலும் சொந்தமாக இருக்கட்டும் என்ற ஆசை.

ஜூலை 30-ஆம் தேதி 25 சதவீதம் என்று அறிவிப்பு வந்தது. ஆகஸ்ட் 7-லிருந்து அமல். அதற்கு முந்தின நாள், ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதற்காக இன்னொரு 25 என்றார்கள். அந்த வாரமே எனக்கு லோடு நின்றது. பாதி தைத்த பண்டல்கள் கிடக்கின்றன, கை வைத்தாயிற்று, கழுத்து வைக்கவில்லை. போன் போட்டேன். “பையர் ஹோல்டு போடச் சொல்லிட்டாங்கக்கா. ரெண்டு நாள் பொறுங்க” என்றார் மேனேஜர். பையர் என்றால் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கடைக்காரர். இரண்டு நாள் ஒரு வாரமாயிற்று. அப்புறம் ஒரு வண்டி வந்து, தைத்தது தைக்காதது எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. ஆகஸ்ட் 27, புதன்கிழமை, 50 சதவீதம் அமலானது. அன்று விநாயகர் சதுர்த்தி. மற்ற வருடம் லீவு விட மனசில்லாமல் அரை நாளாவது ஓட்டச் சொல்லிக் கேட்பேன். அந்த வருடம் லீவு விடுவதற்கே ஆள் இல்லை.

இந்த இடத்தில்தான் லேபிள் விஷயம். கொட்டகையில் கிடந்த டேமேஜ் பீஸ் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்பு என்னிடம் செக்கிங் பார்த்த ஒரு தம்பி வந்திருந்தான். இப்போது வேறு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறான். கழுத்து லேபிளைப் புரட்டிக் காட்டினான். “இதுல ஆர்.என். போட்டு ஒரு நம்பர் இருக்கு பாருங்கக்கா. இது அமெரிக்காக்காரன் சரக்கு.” அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் அந்த ஊர்க் கம்பெனிகளுக்குக் கொடுக்கிற பதிவு எண்ணாம் அது. கனடாவுக்கு சி.ஏ. என்று இருக்குமாம். துவைக்கும் முறை ஏழெட்டு மொழியில் எழுதியிருந்தால் பெரும்பாலும் ஐரோப்பா. எல்லாச் சரக்கிலும் ஆர்.என். இருந்தே ஆக வேண்டும் என்றில்லை, கம்பெனிப் பெயர் மட்டும்கூட இருக்கலாம். ஆனால் என் கொட்டகையில் வந்த அத்தனையிலும் இருந்தது. லட்சக்கணக்கில் அந்த லேபிளை என் கையாலேயே வைத்துத் தைத்திருக்கிறேன். கோணலாக இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. அன்று எனக்கு வந்தது அழுகை இல்லை, வெட்கம்.

அமெரிக்காவில் நம் காட்டன் டீ-ஷர்ட்டுக்கு ஏற்கெனவே 16.5 சதவீதம் வரி உண்டு. அதன் மேல் அப்போது இந்த ஐம்பது. அதே சட்டையை வங்கதேசமும் வியட்நாமும் அனுப்பினால் அப்போது மேற்கொண்டு 20 சதவீதமாகத்தான் இருந்தது. ஊரின் வருட ஏற்றுமதி அப்போது 45,000 கோடி ரூபாயை ஒட்டி இருந்தது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போனது என்பார்கள். ஊருக்கு அடி மூன்றில் ஒரு பங்கு, எனக்கு முழுசு. என் கம்பெனி வேறு பையருக்கும் தைத்துக்கொண்டுதான் இருந்தது, அந்த வேலை வேறு டேபிள்களுக்குப் போனது. ஆகவே, ஒரே கம்பெனியை நம்பாதே என்று எல்லோரும் சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இரண்டு கம்பெனியிடம் வேலை வாங்கினாலும் இரண்டும் ஒரே நாட்டுக்குப் போனால் அது ஒரு கம்பெனிதான்.

இனி பணக் கதை. லோடு நின்ற அன்று கம்பெனி எனக்குத் தர வேண்டியது 4,12,000 ரூபாய். மூன்றே கால் வாரத்து வேலை. ஜூலை மாதமே சனிக்கிழமைப் பணம் தள்ளிப்போக ஆரம்பித்துவிட்டது. பிசியில் மறந்துவிட்டார்கள் என்று நானும் விட்டுவிட்டேன். வேலை அதிகமாகி, பணம் மட்டும் தாமதமானால் அன்றே விழித்துக்கொள்ள வேண்டும். நான் இதையெல்லாம் சொல்ல எவ்வளவு கொடுத்திருக்கிறேன் என்று பாருங்கள். டெய்லர்களுக்குச் சம்பளம் வாரத்துக்கு 82,000. சனிக்கிழமை ராத்திரி சம்பளம் என்பது இந்த ஊரில் எழுதாத சட்டம், ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கும் மளிகைக்கும் அதுதான். ஆகஸ்ட் 2-ஆம் தேதியும் 9-ஆம் தேதியும் என் நகையை வைத்துத்தான் சம்பளம் போட்டேன். ஐந்து பவுன், 2,60,000 ரூபாய். இரண்டு வாரச் சம்பளம் போக மிச்சம், மூன்று மாத வாடகையிலும் தவணையிலும் கரண்ட் பில்லிலும் கரைந்தது.

வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவில்லை. அவர் விடிந்து வந்து படுப்பார், நான் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் கிளம்புவேன். வேலையில்லாத கொட்டகையில் போய் உட்கார்ந்திருப்பேன். பகலெல்லாம் பாபின் கேஸைக் கழற்றித் துடைத்து மாட்டுவேன். இப்படி ஒன்றரை மாதம். தாலிக்கொடி கழுத்தில் இருந்தது, மற்றது எதுவும் இல்லை என்பதை அவர் ஒரு விசேஷத்துக்குக் கிளம்பும்போதுதான் பார்த்தார். சண்டை போடவில்லை. “எங்கிட்ட சொன்னா நானும் சேர்ந்து முழிச்சிருப்பேன்ல” என்றார். அந்த ஒன்றரை மாதத்தை யாரும் எனக்குத் திருப்பித் தர முடியாது. அவரிடம் முதல் வாரமே சொல்லியிருந்தால் நகையைத் தெருமுனை அடகுக் கடையில் வைக்காமல் கூட்டுறவு சங்கத்தில் வைத்திருப்போம், அவர் அதில் மெம்பர். வட்டியில் அவ்வளவு வித்தியாசம். ரகசியத்துக்கும் வட்டி உண்டு என்று அன்று தெரிந்தது.

கம்பெனிக்கு நடந்தேன். முதல் வாரம் மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்தார். மூன்றாவது வாரம் வாட்ச்மேன், “சார் மீட்டிங்ல இருக்காருங்” என்றார். ஐந்தாவது வாரம் டெபிட் நோட் ஒன்றைக் காட்டினார்கள். தையல் டேமேஜ், லேட் டெலிவரி என்று போட்டு 71,000 கழித்திருந்தார்கள். சரக்கு எடுத்துப் போய் ஒரு மாதம் கழித்து டேமேஜாம். என்னிடம் பதில் சொல்ல என்ன இருந்தது? டெலிவரி சலான் கார்பன் காப்பி பாதி இருந்தது, பாதி இல்லை. ரேட் எல்லாம் போனில் பேசியது. அக்டோபரில் தீபாவளிக்கு முன் மூன்று தவணையாக ஒன்றரை லட்சம் கொடுத்தார்கள். மிச்சம் 1,91,000 இன்றுவரை நிற்கிறது.

அப்போதுதான் ஒரு ஆடிட்டரிடம் போனேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், இதை மட்டும் யாராவது குறித்துக்கொண்டால் போதும். 2006-ல் வந்த சிறுதொழில் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி எங்களைப் போன்ற குறு, சிறு தொழில்காரருக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் 15 நாளில். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. சரக்கில் குறை என்றால் டெலிவரி எடுத்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் சூடாகியது. “அப்ப கேஸ் போடலாமா சார்?” என்றேன். “உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன் இருக்கா?” என்றார் (சிறுதொழில் என்று அரசிடம் செய்கிற பதிவு). இல்லை. பதிவு செய்த பிறகு செய்த வேலைக்குத்தான் இந்தச் சட்டம் கைகொடுக்கும், அதற்கு முந்தின பில்லுக்கு இல்லை என்றார்.

உத்யம் பதிவுக்குக் காசு கிடையாது. ஆதார் நம்பரும் பான் கார்டும் வைத்து அரசு இணையதளத்தில் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. என் மகள்தான் போனிலேயே செய்தாள். (ஆயிரம், ரெண்டாயிரம் கேட்கிற தனியார் இணையதளங்கள் அதே மாதிரிப் பெயரில் இருக்கின்றன, அங்கே போய் மாட்டாதீர்கள்.) அந்த அரை மணி நேரத்தை நான் ஐந்து வருடம் தள்ளிப்போட்டேன். பதிவு செய்தால் வரி ஆபீஸ்காரர் வருவார் என்று யாரோ சொன்னதை நம்பினேன். பதிவு நம்பரை பில்லில் அச்சடித்துக்கொள்ளுங்கள். இன்னொரு விஷயமும் ஆடிட்டர் சொன்னார்: பதிவு உள்ள சிறு தொழில்காரருக்குக் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், பணத்தைக் கொடுத்து முடிக்கிற வருடம் வரை அந்தச் செலவைக் கம்பெனி தன் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. 2024 ஏப்ரலிலிருந்து இந்த விதி. அதனால் பாக்கி நின்றுவிட்டால் பிப்ரவரி, மார்ச்சில் போய் உட்காருங்கள், அந்த நேரத்தில் அவர்களின் ஆடிட்டரே கொடுக்கச் சொல்வார். அதற்கும் மசியாவிட்டால் இதற்கான அரசு இணையதளத்தில் புகார் போட்டால் கோயம்புத்தூரில் இருக்கிற, இந்த மாதிரிப் பாக்கித் தகராறை விசாரிக்கிற கவுன்சிலுக்குப் போகும். போட்டால் அந்தக் கம்பெனியில் மறுபடி வேலை கிடைக்காது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சட்டம் ஒரு பக்கம், அடுத்த வாரச் சாப்பாடு ஒரு பக்கம்.

நவம்பரில் ஒரு நல்ல செய்தி என்று எல்லோரும் சொன்னார்கள். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை கட்ட வேண்டிய கடன் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சலுகை கொடுத்தது. ஓடினேன். பைனான்ஸ் கம்பெனி ஆபீசில் அந்தப் பையன் பொறுமையாகத்தான் விளக்கினான்: அது ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு, நீங்கள் ஏற்றுமதி செய்யவில்லை. உண்மைதானே. நான் தைத்தேன், அனுப்பியது இன்னொருவர். விற்றது ஒருவர், வாங்கியது ஒருவர், தள்ளுபடி கேட்டது ஒருவர். பையர் கம்பெனியிடம் விலையைக் குறைக்கச் சொன்னார், கம்பெனி என் பில்லில் கழித்தது, நான் டெய்லர்களை வரவேண்டாம் என்றேன். அடி இறங்கும்போது கடைசிப் படிவரை வந்தது. நிவாரணம் மட்டும் எங்களுக்கு மேல்படியிலேயே நின்றுவிட்டது.

டெய்லர்கள் விஷயத்தில் என் தப்பையும் எழுத வேண்டும். பதினாறு பேர். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கட்டாயம், எனக்குத் தெரியும். செலவு என்று கட்டவில்லை. “கையில முழுசாக் குடுங்கக்கா” என்று அவர்களும் சொன்னார்கள், அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். இ.எஸ்.ஐ.யில் இருக்கிறவருக்கு வேலை போனால், விதிமுறைகளுக்கு உட்பட்டு, பாதிச் சம்பளம் 90 நாள் வரை கிடைக்கிற அடல் திட்டம் ஒன்று அப்போது இருந்தது. எங்கள் ஆட்களுக்கு அது இல்லாமல் போனதற்குக் காரணம் அமெரிக்கா இல்லை, நான்தான். ஒடிசாவிலிருந்து வந்த ஐந்து பேரும் ஆகஸ்ட் கடைசியில் ரயிலேறிவிட்டார்கள். அதில் ஒரு பெண், பேட்லாக்கில் அவ்வளவு சுத்தமாகக் கை மடிப்பாள், போகும்போது தன் கத்தரியை என் டேபிளில் வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வருவேன் என்று அர்த்தம்.

ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்குப் பொட்டு வைத்தேன். பதினாலு மெஷின், நான் ஒரு ஆள். புது மெஷின் ஆறையும் விற்றுத் தலைமுழுகலாம் என்றால் அவை கடனுக்கு ஈடு, தொட முடியாது. பழையதில் நாலைத் தலைக்கு 9,000 என்று விற்றேன். இதையும் கவனியுங்கள், கஷ்டம் வந்தால் சொந்தமானதைத்தான் விற்க முடியும், கடனில் வாங்கியது கூடவே நிற்கும்.

இப்போது உள்ளூர் பனியன் சந்தையான காதர்பேட்டையில் ஒரு வியாபாரிக்குக் குழந்தைகள் நைட் பேண்ட் தைக்கிறேன். பீசுக்கு எட்டே முக்கால் ரூபாய். ஏழு பேர் வருகிறார்கள், இ.எஸ்.ஐ. இல்லாத காரணத்தை இப்போது நேர்மையாகச் சொல்லலாம், பத்துப் பேர் இல்லை. லாபம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, தவணையும் வாடகையும் போய்விடுகிறது. சரக்குக் கொடுக்கும்போதே சலானில் ரேட் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன், அதைப் போட்டோ எடுத்து அவருக்கே வாட்ஸாப்பில் அனுப்பிவிடுகிறேன். முதல் தடவை, “என்னக்கா, நம்பிக்கை இல்லையா?” என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு அனுப்பினேன். ஒரு வாரப் பணம் நின்றால் அடுத்த வார லோடைப் பிரிப்பதில்லை.

போன வாரம் வேறொரு எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். டீ-ஷர்ட், பன்னிரண்டு ரூபாய், உடனே ஆரம்பிக்க வேண்டும். சாம்பிள் பீஸை வாங்கி முதலில் கழுத்தைப் புரட்டினேன். எட்டு மொழி இருந்தது, ஆர்.என். இல்லை. வாரத்துக்கு இரண்டாயிரம் பீஸுக்கு மேல் எடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். ஒடிசாப் பெண்ணின் போன் நம்பர் இருக்கிறது, அவளை இன்னும் கூப்பிடவில்லை.